32 பக்கம், 74 படைப்புகள்

கேள்வி: நான் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு 8 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் வாரந்தோறும் வருகிறார்கள். வாசிப்பதோடு நில்லாமல் எழுதவும் செய்கிறார்கள். அவர்கள் எழுதுவதைக் கொண்டே ஓர் இலக்கிய இதழ் கொண்டுவரலாம் என்று அறிவித்தேன். கடைசி நாளுக்குள் கதை, கவிதை, கட்டுரை என்று 74 வந்துவிட்டன. என் கையில் இருப்பதோ 32 பக்கம். எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு திருத்துவது, பெரியவர்கள் எழுதிக்கொடுத்தவை போலத் தோன்றும் நான்கைந்தை என்ன செய்வது, பூனைக்குட்டி இறந்துபோகும் கதையை வெளியிடலாமா, பரிசு தரலாமா, மாத இதழாகவே நடத்த முடியுமா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் நான் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 32 பக்கத்தில் அட்டை, உள்ளடக்கம், ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம் ஆகியவற்றுக்கு 6 பக்கம் போனால் மிஞ்சுவது 26. ஏ5 அளவுத் தாளில், படத்துக்கும் இடம் விட்டு, சிறுவர் சிரமமின்றி வாசிக்கும் எழுத்தளவில் அச்சிட்டால் ஒரு பக்கத்தில் 150 சொற்களுக்கு மேல் கொள்ளாது. கதைக்கு 3 பக்கம் வீதம் 5 கதைகளுக்கு 15 பக்கம் கொடுத்து, எஞ்சிய 11 பக்கங்களில் கவிதைகளையும் சிறு கட்டுரைகளையும் நெருக்கி அமைத்தாலும் மொத்தம் 20 படைப்புகளைத் தாண்டுவது கடினம். மீதி 54. உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த 20-ஐப் பற்றியவை. நான் அந்த 54-இலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஏனெனில், பிள்ளைகள் எழுதும் இதழ் நல்ல இதழா என்பது, இடம் கிடைக்காத பிள்ளை அடுத்த முறையும் எழுதி அனுப்புகிறதா என்பதைப் பார்த்தால்தான் தெரியும் என்ற முடிவுக்கு இத்தனை ஆண்டு இதழ்ப் பணியில் நான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

பெரியவர் ஒருவருடைய கதை திரும்பி வந்தால் அவர் இதழாசிரியரைத் திட்டிவிட்டு வேறோர் இதழுக்கு அனுப்புவார். பத்து வயதுப் பிள்ளைக்கு அனுப்ப வேறோர் இதழ் கிடையாது. திட்டத் தோன்றுவதும் இல்லை. பதிலே வராத மௌனத்திலிருந்து, 'எனக்கு எழுத வராது போலிருக்கிறது' என்ற ஒரே முடிவைத்தான் அது எடுத்துக்கொள்ளும். இந்தச் சிக்கலை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1873 முதல் அமெரிக்காவில் வெளிவந்த 'செயின்ட் நிக்கோலஸ்' என்னும் சிறுவர் இதழ், 1899-இல் தன் இளம் வாசகர்களுக்கென ஒரு கழகத்தை அமைத்து அவர்களுடைய கதைகளையும் கவிதைகளையும் ஓவியங்களையும் வெளியிடத் தொடங்கியது. அப்போது, தகுதி இருந்தும் இடமின்மையால் சேர்க்க முடியாதுபோன படைப்புகளை அனுப்பியவர்களின் பெயர்களையும் பட்டியலாக அச்சிட்டது. பிற்காலத்தில் கடலைப் பற்றியும் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றியும் எழுதி உலகறிந்தவரான ரேச்சல் கார்சனின் எழுத்து முதன்முதலில் அச்சேறியது அந்தப் பக்கங்களில்தான். ஆண்டு 1918, அவருக்கு வயது 11. (இதைச் சொல்லி உங்கள் இதழுக்கு ஆள் சேர்த்துவிடாதீர்கள். இதழில் எழுதும் பிள்ளை பெரிய எழுத்தாளர் ஆகியே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, பத்து வயதில் சுமக்கக்கூடிய சுமையாக எனக்குத் தோன்றவில்லை.)

அத்தகைய பெயர்ப் பட்டியலுக்கு உங்கள் இதழிலும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாமல், அந்த 54 படைப்புகளை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு கடிதம் எழுதுங்கள். 'உன் படைப்பு நன்றாக உள்ளது, தொடர்ந்து எழுதுக' என்ற பொதுவரி வேண்டாம். தன் கதையை வாசிக்காதவரும் அந்த வரியை எழுதிவிட முடியும் என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். கதைக்குள்ளிருந்து ஒரு வரியை எடுத்து, அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். 'மழை நின்ற பிறகும் கொடிக்கம்பி அழுதுகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறாய்; அதை வாசித்த பிறகு நான் எங்கள் கொடிக்கம்பியைப் போய்ப் பார்த்தேன்' என்று எழுதினால் போதும், அந்தப் பிள்ளை தன் எழுத்துக்கு ஒரு வாசகர் இருப்பதை அறிந்துகொள்ளும். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அண்ணன் திரும்பி வந்தபோது தங்கை ஏன் ஒன்றும் பேசவில்லை?' குறைகளைப் பட்டியலிட்டால் பிள்ளை தாளை மடித்து வைத்துவிடும்; கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதிலாகவே இன்னொரு பக்கம் எழுதி வரும்.

இந்தக் கடிதம் ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆகும் என்று வைத்தாலும் 54-க்கு பதின்மூன்றரை மணி நேரம். எல்லாவற்றையும் இருமுறை வாசிப்பது, தேர்வானவற்றைப் பற்றி எழுதியவர்களுடன் பேசுவது, படம் வரையச் சொல்வது, மெய்ப்புப் பார்ப்பது (அச்சுக்கு முந்திய படியில் பிழை தேடுவது), அச்சகத்துக்கு நடப்பது எல்லாம் இதற்கு வெளியே. மாத இதழ் பற்றிய உங்கள் கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 4 இதழ் போதும். தேதியை அறிவித்துவிட்டால் மட்டும் தவறக் கூடாது; பெரியவர்களின் சிற்றிதழ் இரண்டு மாதம் தாமதமாக வந்தால் யாரும் வியப்பதில்லை, ஆனால் பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இனி தேர்வுக்கு வருவோம். நீங்கள் ஒருவராகவே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால், உங்களுக்குப் பள்ளியில் எது நல்ல எழுத்து என்று கற்பிக்கப்பட்டதோ அதுவே 20 முறை திரும்ப வரும் அபாயம் உண்டு. பிள்ளைகளையே ஆசிரியர் குழுவில் அமர்த்துங்கள். மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் 1926-இல் வார்சாவில் ஒரு நாளிதழின் வாரந்தோறும் வரும் இணைப்பாகப் பிள்ளைகளின் இதழொன்றைத் தொடங்கினார். 1939-இல் போர் மூண்ட செப்டம்பர் 1 வரை அது வெளிவந்தது. அதற்கு மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள் என்று அவர் அறிவித்தார்: கண்ணாடி அணிந்த வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், ஒரு சிறுவன், ஒரு சிறுமி. கையெழுத்து நன்றாயில்லை என்று கூச்சப்படும் பிள்ளை நேரில் வந்து சொன்னால் எழுதிக்கொள்ள ஆள் இருக்கும் என்றும் அவர் உறுதி கூறியிருந்தார். இந்தக் கடைசி ஏற்பாடு நம் கவனத்துக்குரியது. சொல்லத் தெரிந்தும் எழுதத் தடுமாறும் பிள்ளைகள் உங்கள் வட்டத்திலும் இருப்பார்கள். அவர்களுடைய கதை உங்களிடம் வந்த 74-இல் இருக்கவே வாய்ப்பில்லை.

குழு நடைமுறையில் எப்படி இயங்க வேண்டும் என்றால், படைப்பின் மேலுள்ள பெயரை மறைத்து வயதை மட்டும் விட்டுவைக்க வேண்டும். 8 வயதுக் கவிதையை 14 வயதுக் கதையோடு ஒரே தராசில் வைப்பது முறையாகாது. ஒவ்வொன்றையும் யாரேனும் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மௌன வாசிப்பில் தப்பிவிடும் அலுப்பு காதில் தப்பாது. குழுவில் இருப்பவரின் படைப்பு பேசப்படும்போது அவர் வெளியே சென்றுவிட வேண்டும். இதழுக்கு இதழ் குழுவில் பாதிப்பேர் மாற வேண்டும். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: பிள்ளைகள் இரக்கமற்ற நடுவர்கள், அதோடு பெரியவர் நடையில் எழுதப்பட்டதைக் கண்டு எளிதில் மயங்குபவர்கள். 'இது பாடப்புத்தகத்தில் வருவது போலவே இருக்கிறது' என்று அவர்கள் பாராட்டாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்கலாம். முடிவை மாற்றுவதற்கு அல்லாமல், 'இதில் உனக்கு முன்பே தெரியாதது என்ன இருந்தது?' என்று கேட்பதற்கு.

திருத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல நோக்கத்தோடு அதிகக் கேடு செய்யும் இடம் இதுதான். எழுத்துப்பிழைகளைத் தயங்காமல் திருத்துங்கள். லகர ளகர ழகரத் தடுமாற்றம், ரகர றகர மயக்கம், விடுபட்ட ஒற்று ஆகியவற்றை 'மழலை அழகு' என்று அப்படியே அச்சிட்டால் பெரியவர்கள் ரசிப்பார்கள். எழுதிய பிள்ளையோ அடுத்த ஆண்டு அதை எடுத்துப் பார்த்து வெட்கப்படும். ஆனால் பிழைக்கும் நடைக்கும் உள்ள கோட்டை மிகக் கவனமாகப் போட வேண்டும். ஒரு பிள்ளை கதைமாந்தர் பேச்சில் 'நான் வரல, நீ போ' என்று எழுதியிருந்தால் அதை 'நான் வரவில்லை, நீ செல்' என்று மாற்றுவது திருத்தமாகாது. அந்தப் பாத்திரத்தின் நாக்கை வெட்டி வேறொன்றைப் பொருத்துவதாகவே ஆகும். தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவைப் பிள்ளைகள் நாள்தோறும் கடந்துகொண்டிருக்கிறார்கள். உரையாடலுக்கு எது, விவரிப்புக்கு எது என்று அவர்களாகவே காதால் தேர்ந்துகொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அகராதியில் இல்லாத சொல் வந்தாலும், பொருள் விளங்கினால் விட்டுவிடுங்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், எட்டு வயதுச் சிறுமி எழுதிய கவிதையில் 'கடலுக்கு மூச்சு இரைத்தது' என்ற வரி இருந்தது. அடுத்த வரிகளோடு ஓசை ஒத்துவரவில்லை என்று எண்ணி, 'கடலின் அலைகள் பொங்கின' என்று மாற்றிவிட்டேன். இதழ் வந்ததும் அவளுடைய தாயார் மகிழ்ச்சி தெரிவித்தார். சிறுமி மட்டும் என்னிடம் வந்து, 'இது வேற யாரோ எழுதினது' என்று சொல்லிவிட்டு இதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடல் ஓடி ஓடிக் கரைக்கு வருவதால் அதற்கு மூச்சு இரைக்கிறது என்று அவள் பார்த்திருக்கிறாள். எனக்கு முன்பே ஆயிரம் பேர் எழுதிவிட்ட வரியை வைத்து அதை மூடிவிட்டேன். அன்றிலிருந்து, எழுதிய பிள்ளையின் வாயிலிருந்து வராத ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை என்ற விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, பிள்ளையை உட்கார வைத்து, 'இங்கே என்ன சொல்ல நினைத்தாய்?' என்று கேட்பேன். அது வாயால் சொல்வதே பெரும்பாலும் தாளில் இருப்பதை விடத் தெளிவாக இருக்கும். அதையே எழுதச் சொல்வேன். பக்கம் அமைந்தபின் மெய்ப்பையும் அதன் கையில் கொடுத்துவிடுவேன்.

கதையின் முடிவில் வந்து ஒட்டிக்கொள்ளும் நீதி வாக்கியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதுவரை துள்ளி வந்த கதை, கடைசியில் திடீரென்று 'ஆகவே நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்' என்று கைகட்டி நின்றுவிடும். அதைப் பிள்ளை விரும்பி எழுதியிருக்காது. அப்படி எழுதினால்தான் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று பழகியிருக்கும். நீங்களாக வெட்ட வேண்டாம். அந்த வரியை மறைத்து ஒருமுறையும் சேர்த்து ஒருமுறையும் வாசித்துக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். சில பிள்ளைகள் நீதியே வேண்டும் என்பார்கள். அது அவர்கள் கதை.

பெரியவர்கள் எழுதிக்கொடுத்தவை என்று நீங்கள் ஐயுறும் நான்கைந்தில் மிகுந்த நிதானம் வேண்டும். ஹெலன் கெல்லர் தம் 11-ஆம் வயதில் எழுதிய ஒரு கதை 1892-இல் அச்சானது. மார்கரெட் கேன்பி என்பவர் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வெளியிட்டிருந்த கதை ஒன்றை அது பெரிதும் ஒத்திருந்தது பிறகு தெரியவந்தது. முன்பு எப்போதோ கைவிரல் எழுத்தில் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது நினைவின் அடியில் தங்கி, மூலம் மட்டும் மறந்துபோயிருக்கிறது. ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டு, பெரியவர்கள் 8 பேர் அமர்ந்து அந்தச் சிறுமியை விசாரித்தார்கள். தாம் எழுதுவது தம்முடையதுதானா என்ற அச்சம் அதன் பிறகு நெடுங்காலம் தம்மை வாட்டியதாக அவரே எழுதியிருக்கிறார். நிறைய வாசிக்கும் பிள்ளைகள் வாசித்ததைத் திரும்ப எழுதுவார்கள். அவர்கள் எழுதக் கற்கும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆகவே விசாரணை வேண்டாம், உரையாடல் போதும். 'இந்தக் கிழவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் எங்கே இருந்தார்?' என்று கேட்டால், தானே எழுதிய பிள்ளை பேசிக்கொண்டே போகும்; அப்பாவோ அக்காவோ எழுதியிருந்தால் தரையைப் பார்க்கும். தரையைப் பார்க்கும் பிள்ளையிடம், அந்தப் படைப்பை ஓரமாக வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து நான்கு வரி எழுதச் சொல்லி அதை வெளியிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தருபவற்றுக்கும் இதே வழிதான். எழுத்தைப் பார்த்து இது இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவை மனிதர் எழுதியதையும் இயந்திரத்தின் தலையில் போடுகின்றன. அடுத்த இதழின் அறிவிப்பிலேயே, அடித்தல் திருத்தல்களோடு உள்ள முதல் வரைவையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்த வரைவுகளில் ஒன்றை இதழில் படமாகப் போடவும் செய்யலாம். அடித்து அடித்து எழுதுவது குறையில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பூனைக்குட்டி இறக்கட்டும். துயரத்தை எழுதத் துணிந்த பிள்ளையிடம் மகிழ்ச்சியான முடிவைக் கேட்பது, நாம் கலங்காமல் இருப்பதற்காக அதைப் பொய் சொல்லச் சொல்வதாகும். இதில் வேறொரு வகை உண்டு: அடி, அச்சுறுத்தல், தொடக்கூடாத தொடுகை, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை கதை வடிவில் வருவது. அங்கே நீங்கள் இதழாசிரியர் என்பதை மறந்துவிட வேண்டும். வெளியிடுவதா என்ற கேள்வியே அப்போது எழக் கூடாது. ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காமல், குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான, பயிற்சி பெற்ற ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். வெறும் கற்பனையாக இருந்துவிட்டால் உங்களுக்கு ஒரு சங்கடம், அவ்வளவுதான்.

1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, எழுத்திலும் அச்சிலும் கருத்தை வெளியிடும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. 16-ஆம் பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கிறது. இரண்டையும் ஒருசேரக் கருத்தில் கொண்டால் நடைமுறை எளிது. பெயரும் வயதும் மட்டும் போடுங்கள். பள்ளி, முகவரி, நிழற்படம் வேண்டாம். புனைபெயர் கேட்டால் கொடுங்கள். வெளியிடுவதற்குப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலைப் பெறுவது போலவே பிள்ளையின் ஒப்புதலையும் பெறுங்கள். பெற்றோர் ஆவலோடு கொடுத்தனுப்பிய கவிதையைப் பிள்ளை வெளியிட விரும்பாத நேரங்களும் உண்டு, அப்போது பிள்ளையின் சொல்லே செல்ல வேண்டும். பதிப்புரிமை எழுதியவருடையது. இதழில் ஒருமுறை வெளியிடும் அனுமதி மட்டுமே உங்களுக்குப் போதுமானது.

பரிசு வேண்டாம் என்பது என் கட்சி. நான் மேலே புகழ்ந்த அமெரிக்க இதழ் தங்கப் பதக்கமும் வெள்ளிப் பதக்கமும் கொடுத்தது, அது பலருக்கு ஊக்கமாகவும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று வந்துவிட்டால் அடுத்த இதழுக்கு வருபவை அனைத்தும் முதற்பரிசு பெற்ற கதையின் பேரப்பிள்ளைகளாக இருக்கும். அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் இதழின் 2 படிகள் கொடுங்கள்: ஒன்று தனக்கு, ஒன்று தான் விரும்பியவருக்கு.

அச்சு வேலையில் அதிகம் சொல்ல இல்லை. நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். 32 என்பது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) இரண்டு, நல்ல எண்ணிக்கைதான், அதைத் தாண்ட முயலாதீர்கள். யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் அமைத்தால் சில ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பில் ஒரு பிள்ளையின் பெயரைக்கூடத் தேடி எடுக்க முடியாமல் போகும். படங்களைப் பிள்ளைகளே வரையட்டும், ஆனால் ஒருவர் எழுதிய கதைக்கு இன்னொருவர் வரைய வேண்டும். தன் பூனைக்குட்டியை வேறொருவர் எப்படிக் கற்பனை செய்தார் என்று பார்க்கும்போது எழுதியவர் முகம் போகும் போக்கைக் காண்பதற்காகவே நான் இதை வலியுறுத்துகிறேன்.

தேர்வுக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன், இந்த வாரமே, படைப்பு அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் 'உன் கதை என் கைக்கு வந்து சேர்ந்தது, இந்தத் தேதிக்குள் உனக்குக் கடிதம் எழுதுவேன்' என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். தேதியைக் குறிப்பிடும்போது அந்தப் பதின்மூன்றரை மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்